ஓட்டோ கியர் வேனா, ஃபோர் வீல் மெனுவல் வேனா: மலை ரோட்டில் எது கூட டீசல் குடிக்கும்?

பெரியப்பா மகன் வேன் வாங்கப் போகிறார். ஹட்டனில் இருந்துகொண்டு காலையிலும் மத்தியானமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவது, மிச்ச நேரத்தில் ஹயர் ஓடுவது, இதுதான் திட்டம். இரண்டு வேன் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று ஓட்டோ கியர், அதாவது கியர் தானாக மாறுகிற கேடிஎச் (200 சீரிஸ் டொயோட்டா ஹையேஸ்). மற்றது ஃபோர் வீல் போட்ட, கியரைக் கையால் மாற்றுகிற மெனுவல் டொல்பின் (அதற்கு முந்திய ஹையேஸ்). போனை எடுத்ததும் முதல் கேள்வி, "தம்பி, ரெண்டுல எது டீசல் குறைச்சலா குடிக்கும்?" நான் வாய் திறக்கும் முன்னமே, ஸ்டாண்டில் அவருக்குப் பக்கத்தில் நின்ற யாரோ "ஓட்டோன்னா குடிக்கும் அண்ணே" என்று சொல்வதும், இன்னொருவர் "ஃபோர் வீல் அதைவிடக் குடிக்கும்" என்று மறிப்பதும் போனிலேயே கேட்டது.

ரெண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் அண்ணனுக்குப் பதில் கிடைக்கவில்லை.

அவர் கேட்டது ஒரு கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே இரண்டு கேள்வி இருக்கிறது. ஓட்டோ கியர் எவ்வளவு கூடுதலாகக் குடிக்கும் என்பது ஒன்று. நாலு சில்லையும் இழுக்கிற வேன், ரெண்டு சில்லை மட்டும் இழுக்கிற வேனைவிட எவ்வளவு கூடுதலாகக் குடிக்கும் என்பது இன்னொன்று. ஒரு வேனில் ஓட்டோ இருக்கிறது, ஃபோர் வீல் இல்லை. மற்றதில் ஃபோர் வீல் இருக்கிறது, ஓட்டோ இல்லை. ஆளுக்கு ஒரு குறை. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி எது கூட என்று கேட்டால், எந்தக் குறை எந்த ரோட்டில் பெரிசாகும் என்று பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

முதலில் கணக்கைப் பிடித்துக்கொள்வோம். நம்ம ஊரில் யாரும் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்றுதான் பேசுவோம். "என்ட வேன் பன்னெண்டு ஓடும்." எங்கே ஓடும், ஏறும்போதா, இறங்கும்போதா, எத்தனை பேரோடு, இதெல்லாம் யாரும் சொல்வதில்லை. 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்து, வேனுக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான் என்று ஆனபோது ஸ்டாண்டில் நின்ற எல்லாருமே இந்தக் கணக்கில் பண்டிதர் ஆகிவிட்டார்கள், ஆனாலும் பாதிப் பேர் சொன்ன கணக்கு இறக்கத்தில் எடுத்த கணக்கு.

மலையில் என்ன நடக்கிறது என்று ஒரு பயணத்தை வைத்துப் பார்ப்போம். கம்பளை கடல் மட்டத்தில் இருந்து 500 மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. நுவரெலியா 1868 மீற்றர். அப்படியென்றால் புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை என்று வளைந்து வளைந்து போய்ச் சேரும்போது வேனையும் ஆட்களையும் மூட்டையையும் ஏறத்தாழ 1400 மீற்றர் உயரத்துக்குத் தூக்கியிருக்கிறோம். ஆட்களோடு வேன் இரண்டரைத் தொன் என்று வையுங்கள். அதை அவ்வளவு உயரம் தூக்க 34 மெகாஜூல் அளவு சக்தி வேண்டும். ஒரு லீற்றர் டீசலில் இருப்பது 36 மெகாஜூல் அளவு. அடடே, ஒரு லீற்றர் போதுமே என்று தோன்றும். ஆனால் எஞ்சின் எரிக்கிற டீசலில் மூன்றில் ஒரு பங்குதான் சில்லுக்கு வந்து சேரும், மிச்சம் ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் சூடாகப் போய்விடும். ஆகவே மலை ஏறுவதற்கென்று மட்டும் மூன்று லீற்றர் போகும். ஓட்டோவோ மெனுவலோ, ரெண்டு சில்லோ நாலு சில்லோ, அந்த மூன்று லீற்றரை மலை வாங்காமல் விடாது.

இந்தத் தூரம் 55 கிலோமீற்றர் அளவில் வரும். சமதரையில் லீற்றருக்கு 11 ஓடுகிற வேன் என்றால் 5 லீற்றரில் போகிற தூரம். மலைக்கு 3 சேர்த்தால் 8. லீற்றருக்கு 7கூட வராது. திரும்பி இறங்கும்போது மூன்றரை லீற்றர் போனது என்று வைத்தால் லீற்றருக்கு 15க்கு மேலே. இப்போது இங்கேதான் எல்லாரும் சறுக்குகிற இடம். ஏறும்போது 7, இறங்கும்போது 15, கூட்டி இரண்டால் பிரித்து 11 என்று சொல்லிவிடுவார்கள். அப்படிப் பிரிக்கக் கூடாது. போக வர 110 கிலோமீற்றர், மொத்த டீசல் பதினொன்றரை லீற்றர், ஆகவே ஒன்பதரை. டீசல் அதிகம் போனது ஏற்றத்தில், அந்த ஏற்றத்துக்கு உரிய கனம் கணக்கில் வர வேண்டும். போக வர மொத்தத் தூரத்தை மொத்த டீசலால் பிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

சரி, இப்போது ஓட்டோவுக்கு வருவோம்.

மெனுவல் வேனில் எஞ்சினும் கியர் பெட்டியும் கிளட்ச் பிளேட்டால் ஒட்டிக்கொண்டிருக்கும். காலை எடுத்துவிட்டால் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் கியர் பெட்டிக்குள்ளும் ஒரு சுற்று. பழைய ஓட்டோவில் அந்த இடத்தில் எண்ணெய் நிறைந்த ஒரு உருண்டைப் பெட்டி இருக்கிறது, டோர்க் கன்வேர்ட்டர் என்பார்கள். இரண்டு மின்விசிறியை முகத்துக்கு முகம் வைத்து ஒன்றைப் போட்டால் அந்தக் காற்றில் மற்றதும் மெதுவாகச் சுற்றும் அல்லவா, அதே வேலைதான், காற்றுக்குப் பதில் எண்ணெய். எஞ்சின் பக்கத்து விசிறி 100 சுற்றுச் சுற்றினால் இந்தப் பக்கம் 90 சுற்றலாம், பாரம் கூடினால் இன்னும் குறையலாம். நடுவில் தொலைகிற சுற்று எண்ணெயைச் சூடாக்கும். அந்தச் சூடு நீங்கள் காசு கொடுத்து அடித்த டீசல்.

இதைச் சரிக்கட்ட உள்ளேயே ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். வேகம் ஒரே சீராக இருக்கும்போது அந்தப் பூட்டு விழுந்து இரண்டு விசிறியையும் ஒன்றாகக் கட்டிவிடும், அப்போது ஓட்டோவும் மெனுவலும் அவ்வளவு வித்தியாசம் இல்லை. பழைய 4 கியர் ஓட்டோ வேன்களில் இந்தப் பூட்டு மேல் கியரில், நல்ல வேகத்தில்தான் விழும். கட்டுநாயக்கா எக்ஸ்பிரஸ்வேயில் விழும். றம்பொடை வளைவுகளில், 20, 25 கிலோமீற்றர் வேகத்தில், ஒவ்வொரு வளைவுக்கும் காலை எடுத்து எடுத்து மிதிக்கும்போது எங்கே விழுவது? ஏற்றம் முடியும் மட்டும் எண்ணெயைக் கலக்கிக்கொண்டே போகும்.

இன்னொரு தொல்லை, ஓட்டோவுக்கு அடுத்த வளைவு தெரியாது. உங்களுக்குத் தெரியும், அதனால் மெனுவலில் வளைவுக்கு முன்பே செக்கன் கியருக்கு இறக்கிவிடுவீர்கள். ஓட்டோ மேல் கியருக்குப் போய், இழுக்க முடியாமல் திணறி, கீழே இறங்கி, வளைவு முடிந்ததும் மறுபடி மேலே போய், இப்படியே தவித்துக்கொண்டிருக்கும். இதற்கு மருந்து கியர் தடியிலேயே இருக்கிறது. ஆக மேல் கியருக்குப் போக விடுகிற ஓவர் டிரைவ் பொத்தானை அமர்த்திவிடுங்கள், செங்குத்து என்றால் 2இல் போடுங்கள். நம்ம ஆட்களில் பாதிப் பேர் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை, டாஷ்போர்டில் லைட் எரிந்தால் ஏதோ பழுது என்று பயம்.

ஆனால் மெனுவல் என்றதும் டீசல் தானாக மிஞ்சிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஹட்டன் டவுனில் சந்தை நாளில் மேட்டில் வரிசை நிற்கும்போது ஹாஃப் கிளட்சில் வேனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். டோர்க் கன்வேர்ட்டர் செய்கிற அதே வீண் வேலையை அவர்கள் கிளட்ச் பிளேட்டைத் தேய்த்துச் செய்கிறார்கள். பிளேட்டின் விலையும் சேர்த்துத்தான் போகும். ஹேண்ட் பிரேக் எதற்கு இருக்கிறது?

எல்லா ஓட்டோவும் ஒரே ஓட்டோவும் இல்லை. சின்ன சுசுகி எவரி வேனில் வருகிற ஏஜிஎஸ் என்பது உள்ளே சாதாரண மெனுவல் பெட்டிதான், கிளட்ச்சை மிதிப்பதும் கியர் மாற்றுவதும் மட்டும் மெசின் செய்கிறது. எண்ணெய் விசிறி இல்லை, அதனால் அந்த நட்டமும் இல்லை. ஆனால் மேட்டில் எக்ஸிலேட்டரை மிதித்தே நிறுத்தி வைத்தால் அதற்கும் கிளட்ச் கருகும். புதிய 6 கியர் ஓட்டோக்களில் பூட்டு சீக்கிரமே விழுவதால் மெனுவலோடு வித்தியாசம் ரொம்பக் குறைந்துவிட்டது. நான் இங்கே பேசுவது நம்ம ரோட்டில் ஓடுகிற பழைய ரகங்களை. 2020இல் இறக்குமதி நின்று 2025 வரை தனியார் வாகனம் வராமல் இருந்த நாட்டில் பழையதைப் பற்றித்தானே பேச முடியும்.

இனி ஃபோர் வீல். இங்கே எல்லாரும் முதலில் சொல்வது பாரத்தைத்தான். முன் சில்லுக்கும் சக்தியைக் கொண்டுபோக ஒரு டிரான்ஸ்ஃபர் பெட்டி, முன்னால் ஒரு சாஃப்ட், முன்னால் ஒரு டிஃபரென்சல் (இரண்டு பக்கச் சில்லுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற பல்லுப் பெட்டி), இதெல்லாம் சேர்ந்து வேனுக்கு வேன் மாறும், நூறு கிலோ அளவு என்று வைத்துக்கொள்ளலாம். அதே கம்பளை நுவரெலியா ஏற்றத்தில் நூறு கிலோவைத் தூக்க எவ்வளவு டீசல் தெரியுமா? மேலே போட்ட கணக்கையே போட்டுப் பாருங்கள், 120 மில்லிலீற்றர் அளவு வரும். ஒரு கிளாஸ் பிளேன்டீ. பெரிய ஆட்கள் இரண்டு பேர் கூடுதலாக ஏறினாலும் இதே கதைதான், அதற்காக யாரும் ஹயரை வேண்டாம் என்பதில்லை.

உண்மையில் டீசலைத் தின்பது அந்தச் சாமான்களின் சுற்று. சாஃப்ட்டும் டிஃபரென்சலும் கெட்டி எண்ணெய்க்குள் எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, ஏற்றமோ சமதரையோ, ஆள் இருக்கிறதோ இல்லையோ. 200 சீரிஸ் ஹையேஸின் ஃபோர் வீல் வேன்கள் முழுநேர ஃபோர் வீல், அமர்த்த வழியே இல்லை. வேறு சில வேன்களில் தேவைப்படும்போது மட்டும் போட ஒரு தடியோ பொத்தானோ இருக்கும். அமர்த்தி வைத்தாலும் முன் சில்லு உருளும்போது அதோடு சேர்ந்து முன் சாஃப்ட் சும்மா சுற்றுகிற வகைகள் உண்டு, அவற்றில் நட்டம் குறையுமே தவிர ஒழியாது. சில மாடல்களில் ஃபோர் வீலுக்கு டிஃபரென்சல் பல்லையே மாற்றி இருப்பார்கள், அதே வேகத்துக்கு எஞ்சின் கூடச் சுற்றும், கொழும்புப் பக்கம் போகும்போது அது காதில் கேட்கும்.

தடி போடுகிற வகை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மழையில் தோட்டத்து ரோட்டில் மேல் டிவிசனுக்கு ஏறப் போட்ட ஃபோர் வீலை, மெயின் ரோட்டுக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். கொண்டை ஊசி வளைவில் முன் சில்லும் பின் சில்லும் ஒரே தூரம் போவதில்லை. சேற்றில் சில்லு கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும், காய்ந்த தாரில் வழுக்க இடம் இல்லை, ஸ்டேரிங் இறுகும், டயர் உராயும், சாஃப்ட் முறுகும். டீசல் போவது அதில் சின்ன நட்டம்தான்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைப்போம். ஒரே எஞ்சின், ஒரே உடம்பு உள்ள வேன்களில் ஃபோர் வீலின் நட்டம் பொதுவாக நூற்றுக்கு 5 முதல் 10 அளவில் இருக்கும். பழைய ஓட்டோவின் நட்டமும் அதே அளவுதான். ஆகவே மெனுவல் டூ வீல்தான் ஆகக் குறைவாகக் குடிக்கும், ஓட்டோ ஃபோர் வீல்தான் ஆகக் கூடுதலாகக் குடிக்கும், அண்ணன் பார்த்த இரண்டு வகையும் நடுவில் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். எது முன்னே எது பின்னே என்பதை ரோடுதான் தீர்மானிக்கும். ஓட்டோவின் நட்டம் ரோட்டைப் பார்த்துக் கூடிக் குறைகிற நட்டம், வளைவிலும் ஏற்றத்திலும் நின்று நின்று போவதிலும் கூடும், நேர் ரோட்டில் பூட்டு விழுந்ததும் சுருங்கும். ஃபோர் வீலின் நட்டம் அப்படி இல்லை, எங்கே போனாலும் கூடவே வரும். அதனால் மஸ்கெலியா, நோர்வூட், தலவாக்கலை என்று இதற்குள்ளேயே சுற்றுகிற ஸ்கூல் ஹயருக்கு ஃபோர் வீல் மெனுவல் கொஞ்சம் முன்னுக்கு நிற்கலாம். வாரத்துக்கு நாலு எயார்போர்ட் ஹயர் அடிக்கிறவருக்கு ஓட்டோ டூ வீல் முன்னுக்கு வரும்.

"அப்ப டொல்பினை எடுக்கவா?" என்றார் அண்ணன். பொறுங்கள் என்றேன், ஏனென்றால் அவர் பார்த்த இரண்டிலும் எஞ்சினே வேறு. பழைய டொல்பின்களில் வருகிற 3எல், 5எல் டீசல் எஞ்சின்கள் டீசலை முதலில் ஒரு சின்ன அறைக்குள் பீச்சி எரிக்கிற பழைய வகை, அந்த அறையின் சுவரிலேயே கொஞ்சச் சூடு தொலைந்துவிடும். கேடிஎச்சில் இருப்பது காமன் ரெயில், நேரே பிஸ்டன் தலையில் பீச்சுகிற எஞ்சின், டர்போவும் உண்டு. அதே வேலைக்கு அது குறைவாகக் குடிக்கும், இந்த ஒரு வித்தியாசமே ஓட்டோவின் நட்டத்தை ஈடுகட்டிவிடக் கூடியது. அதோடு நுவரெலியா உயரத்தில் காற்று கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிசு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு மூச்சு வாங்கும், பம்ப் அனுப்புகிற டீசல் முழுசாக எரியாமல் கறுப்புப் புகையாகப் போகும். டர்போ அந்தக் காற்றை அமுக்கிக் கொடுத்துச் சமாளிக்கும். இதற்கு மறுபக்கமும் இருக்கிறது: டீசலைப் பீச்சுகிற காமன் ரெயில் இன்ஜெக்டர் பழுதானால் வருகிற செலவு, பழைய பம்ப் வைத்த எஞ்சினில் வராது. ஊர் கராஜ் பாஸ் பழைய எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார்.

லீற்றருக்கு ஒரு கிலோமீற்றர் வித்தியாசம் எவ்வளவு பெரிசு என்பதும் இடத்தைப் பொறுத்தது. 9 ஓடுகிற வேன் 10 ஓடினால் ஆயிரம் கிலோமீற்றருக்கு 11 லீற்றர் மிச்சம். 14 ஓடுவது 15 ஓடினால் 5 லீற்றர்கூட மிஞ்சாது. நம்ம வேன்கள் 9, 10இல் கிடப்பவை, அதனால் சின்ன வித்தியாசமும் நமக்குப் பெரிசு.

அளப்பது எப்படி என்று அண்ணனுக்குச் சொன்னது இதுதான். டாங்கியை நிரப்புங்கள், மீற்றரை எழுதுங்கள், வழக்கமான ஓட்டம் ஓடுங்கள், மறுபடி நிரப்புங்கள், எத்தனை லீற்றர் பிடித்ததோ அதனால் ஓடிய தூரத்தைப் பிரியுங்கள். இதில் மலைநாட்டுக்கே உரிய ஒரு வில்லங்கம் உண்டு. நம்ம எண்ணெய் செட்டுகளில் பலதில் தரையே சரிவு. வேன் சரிந்து நின்றால் டாங்கிக்குள் ஒரு மூலையில் காற்று அடைபட்டுவிடும், நிரம்பியது மாதிரிக் காட்டும், ஆனால் நிரம்பியிருக்காது. அடுத்த தடவை எதிர்ப்பக்கம் பார்த்து நிறுத்தினால் இரண்டு லீற்றர் கூடப் பிடிக்கும், உடனே வேன் குடிக்கிறது என்று ஒப்பாரி. ஆகவே அதே செட், அதே பம்ப், அதே பக்கம் பார்த்து நிறுத்த வேண்டும். டீசல் அடிக்கிற பம்ப் துப்பாக்கி முதல் தடவை டக்கென்று நின்றதும் நிறுத்திவிடுங்கள், டீசல் நுரைக்கும், நுரை அடங்க அடங்க அமுக்கிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு வரும். ஒரு டாங்கிக் கணக்கை நம்ப வேண்டாம், மூன்று நாலு டாங்கி சேர்த்துப் பாருங்கள். பெரிய டயர் மாற்றிய வேன் என்றால் மீற்றர் குறைத்துக் காட்டும், அதையும் விசாரியுங்கள்.

அப்புறம் நியூட்ரல். எனக்குக் கோபம் வருகிற விசயம் இது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று இன்னும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கியரில் இருக்கும்போது எக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால், சில்லுதான் எஞ்சினைச் சுற்றும், எஞ்சினுக்கு டீசல் தேவையே இல்லை, புதிய எஞ்சின் கம்ப்யூட்டராலும் பழைய எஞ்சின் பம்பில் உள்ள கவர்னராலும் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் எரிக்க வேண்டும். மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவு செய்கிறோம், அதற்கு மேல் முழுப் பாரத்தையும் பிரேக்கின் தலையில் கட்டுகிறோம். நானுஓயாவில் இருந்து இறங்குகிற ரதல்ல குறுக்கு வீதியை எல்லாருக்கும் தெரியும், 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கரவண்டியும் மோதி 7 பேர் போன இடம். அந்த மாதிரி இறக்கத்தில் மெனுவல் என்றால் செக்கன், ஓட்டோ என்றால் 2 அல்லது எல். கியர் தடியை டி (டிரைவ்) இலேயே விட்டால் ஓட்டோ மேல் கியருக்கு ஏறிக்கொண்டு எஞ்சின் பிடிப்பைக் கொடுக்காது, பாதி வழியில் பிரேக் மணக்கும். முழுநேர ஃபோர் வீலில் எஞ்சின் பிடிப்பு முன் சில்லுக்கும் போகும் என்பதால் ஈர ரோட்டில் இறங்க நம்பிக்கையாக இருக்கும், அந்த ஒரு விசயத்துக்காகவே நான் என்றால் கூடப் போகிற டீசலைப் பொறுத்துக்கொள்வேன்.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இரண்டு வேன்காரரிடமும் ஆளுக்கு ஒரு கிழமை ஓட்டிப் பார்க்கத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கேடிஎச்காரர் சிரித்துவிட்டு ஒரு நாள் தருவதாகச் சொன்னாராம். டொல்பின்காரர், "டாங்கிய நிரப்பித் தந்தா எத்தன நாள்னாலும் எடுத்துட்டுப் போங்க" என்றிருக்கிறார். வருகிற சனிக்கிழமை நோர்வூட் பக்கம் போகிறார்கள், அண்ணன் கொப்பி வாங்கிவிட்டார்.